சுமை இறங்கும் இடம்

கவசத்தின் கதை – 19

சித்தன்னவாசல் என்றதும் அறிவர் கோயில் விதானத்துத் தாமரைக் குளம்தான் பலருக்கும் நினைவில் எழும். இந்தத் தொடருக்கு வேண்டியது அந்தக் குன்றின் இன்னொரு பகுதி. பாறையில் வெட்டிய குழிகளில் கால் பதித்து ஏறிப் போனால் ஏழடிப்பட்டம் என்கிற இயற்கைக் குகைத்தளம் வரும். அங்கே 17 கற்படுக்கைகள். தலை வைக்கும் இடத்தில் கல்லையே சற்று உயர்த்தி விட்டிருக்கிறார்கள். ஒரு படுக்கையை ஒட்டியுள்ள தமிழ்-பிராமி எழுத்தைக் கல்வெட்டறிஞர்கள் கி.மு. முதல் நூற்றாண்டை ஒட்டியது என்று கணிக்கிறார்கள். எருமிநாட்டில் பிறந்த ஒருவருக்காகச் செய்து கொடுத்த இருக்கை என்பது அதன் செய்தி. உடம்பின் மேல் எதையும் ஏற்றிக்கொள்வதில்லை என்று முடிவெடுத்த சமணத் துறவிகள் வாழ்ந்த இடம் அது. உடம்பைக் காப்பதற்கு மனிதன் செய்துகொண்ட ஏற்பாடுகளைப் பற்றி 18 இதழ்களாக எழுதிவந்த பிறகு, அந்தக் கேள்வியையே கைவிட்டவர்களின் குகையிலிருந்து இந்தப் பகுதியைத் தொடங்குவது சரி என்று பட்டது.

குன்றுக்குக் கீழே நிலைமை வேறு. சுற்றுவட்டாரப் பொட்டலில் கல்வட்டங்களும் கற்பதுக்கைகளும் பரவிக் கிடக்கின்றன. பெருங்கற்கால ஈமக்காடு. தமிழகத்து ஈமக்குழிகளில் இறந்தவரோடு இரும்பு வாளும் ஈட்டிமுனையும் வைத்துப் புதைக்கும் வழக்கம் இருந்ததை ஆதிச்சநல்லூர் தொடங்கிப் பல இடங்களில் பார்த்துவிட்டோம். அந்த வாளுக்கு எதிரே நின்றவன் என்ன அணிந்திருந்தான்? தோலும் துணியும் நம் மண்ணில் நிலைப்பதில்லை. அதனால் மண்ணைத் தோண்டிக் கிடைக்காத விடையைப் பாட்டிலும் கல்லிலும் தேட வேண்டியிருக்கிறது.

புறநானூற்றில் முடமோசியார் பாடிய 13-ஆம் பாட்டு சோழன் முடித்தலைக் கோப்பெருநற்கிள்ளியைக் காட்டுகிறது. அவன் அணிந்த புலித்தோல் கவசம் அம்பு பட்டுச் சிதைந்திருக்கிறது. அவன் வருவது யானை மேல். கவசத்தின் எடையை யானை சுமந்தது. தரையில் நின்று போரிட்டவனின் கதையை நடுகற்கள் சொல்கின்றன. புதுக்கோட்டைக்குப் பக்கத்திலேயே, பொற்பனைக்கோட்டையில், தமிழ்-பிராமி எழுத்துள்ள நடுகல் கிடைத்திருக்கிறது. பிற்கால நடுகற்களில் வீரனின் உருவத்தையும் செதுக்கினார்கள். கையில் வில் அல்லது வாள், சிலதில் கேடயம், மார்பிலும் தொடையிலும் தைத்து நிற்கும் அம்புகள். அந்த அம்புகளுக்கும் தோலுக்கும் நடுவே எதுவும் காட்டப்படுவதில்லை. மார்பில் பட்ட புண்ணைப் பெருமையாகவும் முதுகில் பட்டதை இழிவாகவும் கொண்ட சமூகம் என்று இதற்கு விளக்கம் சொல்வது வழக்கம். அது பாதி விளக்கம்தான். மீதிப் பாதி வெயிலும் விலையும்.

13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ, இங்கே போர்வீரர்கள் ஈட்டியும் கேடயமும் மட்டும் ஏந்தி வெற்றுடம்போடு போருக்குப் போகிறார்கள் என்று எழுதி, அவர்களைக் குறைத்தும் பேசினார். வெனிஸ் நகரத்தவருக்கு அது விந்தைதான். சித்திரை மாதத்தில் புதுக்கோட்டைப் பொட்டலில் இரும்புச் சட்டையோடு ஒரு நாழிகை நின்றிருந்தால் வேறு மாதிரி எழுதியிருப்பார். 1520-இல் விஜயநகரத்துக்கு வந்த டொமிங்கோ பயஸ், கிருஷ்ணதேவராயரின் படையணிவகுப்பில் பஞ்சு வைத்துத் தைத்த கனத்த சட்டைகளைப் பார்த்தார். வெட்டைத் தாங்கும், வியர்வையையும் ஓரளவு உறிஞ்சும். இரும்பு இங்கே கைக்குத்தான் போனது, உடம்புக்குப் போகவில்லை. தொண்டைமான் சீமைக்குப் பேர் வாங்கித் தந்த வளரியும் இந்த மரபில் வந்ததே. இலேசான மரத்தடி, அதை வீசிவிட்டு ஓடக்கூடிய இலேசான உடம்பு. சென்னை அருங்காட்சியகத்தில் புதுக்கோட்டை வளரியை இன்றும் பார்க்கலாம்.

வெயில், எடை, விலை. வீரனின் மேல் எதை ஏற்றலாம் என்பதை அன்று இந்த மூன்றும் தீர்மானித்தன. மோட்டாரும் பேட்டரியும் வைத்த இன்றைய கவசத்தையும் இவைதான் தீர்மானிக்கின்றன. இந்த இதழின் விஷயம் அந்த மோட்டார் கவசம்.

சித்தன்னவாசலிலிருந்து புதுக்கோட்டை வழியாகத் திருச்சி போகிறவர்கள், விமான நிலையத்தை நெருங்குமுன் நவல்பட்டுப் பக்கம் ராணுவத் தொழிற்சாலைகளின் மதில்களைக் கவனித்திருப்பார்கள். துப்பாக்கித் தொழிற்சாலை 1960-களில் வந்தது. அதற்குப் பிறகு வந்த கன உலோகத் தொழிற்சாலையில் டங்ஸ்டன் கலவையால் பீரங்கிக் குண்டின் ஊசி செய்கிறார்கள். எதிரி டாங்கியின் கவசத்தைத் துளைத்துப் போகிற ஊசி. மறுபக்கம், சென்னைக்கு அருகே ஆவடியில், ராணுவ உடைத் தொழிற்சாலையில் வீரனுக்கான சீருடையும் கவச உடையும் தைக்கிறார்கள். துளைப்பதும் தடுப்பதும் ஒரே மாநிலத்துக்குள் முந்நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர் இடைவெளியில் நடக்கின்றன. துப்பாக்கிக் குண்டு வேகமெடுக்க எடுக்க, கவச உடைக்குள் வைக்கும் தகடும் தடித்துக்கொண்டே வந்திருக்கிறது.

குண்டு துளைக்காத சட்டைக்குள் இருப்பது பெரும்பாலும் இரண்டு பொருள். முன்னால் பீங்கான் வகைத் தகடு. குண்டின் முனையை உடைக்க. பின்னால் பல அடுக்கு பாலிமர் இழை. உடைந்ததைப் பிடித்து நிறுத்த. பழைய சட்டைகள் 10 கிலோவுக்கு மேல் எடை இருந்தன. நம் தரைப்படைக்கு 1,86,138 சட்டைகள் தேவை என்று 2009-இல் கணக்கிட்டார்கள். ஒப்பந்தம் 2018-இல்தான் கையெழுத்தானது. 2024 செப்டம்பரில் டி.ஆர்.டி.ஓ.வும் டெல்லி ஐ.ஐ.டி.யும் சேர்ந்து அறிவித்த 'அபேத்' சட்டை, தடுக்க வேண்டிய குண்டின் வகையைப் பொறுத்து 8.2 கிலோவும் 9.5 கிலோவும். இத்தனை ஆண்டு ஆராய்ச்சியில் மிச்சமானது ஒன்றிரண்டு கிலோ. அந்தக் கிலோக்களுக்காக உழைத்தவர்களை நான் மதிக்கிறேன். ஆனால் அதோடு துப்பாக்கி, தோட்டா, கையெறி குண்டு, வானொலி, அதற்கு பேட்டரி, தண்ணீர், உணவு, தலைக்கவசம் என்று சேர்த்தால் வீரன் தோளில் 30 கிலோ சர்வசாதாரணமாக ஏறிவிடுகிறது. வீரனின் சுமை அவன் எடையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்று அமெரிக்க ராணுவ வரலாற்றாளர் எஸ்.எல்.ஏ. மார்ஷல் 1950-இல் ஒரு சிறு நூலே எழுதினார். அதன்படி 65 கிலோ எடையுள்ள நம் வீரனுக்கு 22 கிலோ. எந்த நாட்டு ராணுவமும் இந்தக் கணக்கில் தேறவில்லை.

இங்கேதான் எக்ஸோஸ்கெலட்டன் என்கிற புறச்சட்டகம் வருகிறது. திரைப்படங்களால் நம் மனத்தில் பதிந்த இரும்பு மனிதனை ஒதுக்கிவிட்டு, புதுக்கோட்டைப் பக்கத்துச் சாலையோரங்களில் இன்னும் நிற்கும் சுமைதாங்கிக் கல்லை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு கல் நட்டு, மேலே ஒரு கல் கிடத்தி, தலைச்சுமைக்காரர் யார் உதவியும் இல்லாமல் சுமையை இறக்கி வைக்கிற உயரத்தில் அமைத்தது. வயிற்றில் பிள்ளையைச் சுமந்தபடியே இறந்துபோன பெண்ணின் நினைவாக வைப்பார்கள். சுமை மனித உடம்பு வழியாக இறங்காமல் கல் வழியாகத் தரைக்கு இறங்கிவிடுகிறது. புறச்சட்டகமும் அதே வேலையைச் செய்யத்தான் பார்க்கிறது. என்ன, கூடவே நடக்கவும் வேண்டும்.

எப்படி என்று கிட்டத்தில் பார்க்கலாம். முதுகுப் பையின் எடை ஒரு சட்டத்தில் தொங்குகிறது. சட்டம் இடுப்பைச் சுற்றிய பட்டையில் ஊன்றி, அங்கிருந்து தொடையின் வெளிப்புறமாக ஒரு தண்டு, முழங்கால் அருகே ஒரு மூட்டு, கெண்டைக்காலை ஒட்டி இன்னொரு தண்டு, கணுக்காலில் மற்றொரு மூட்டு, கடைசியில் பூட்சுக்கு அடியில் ஒரு தகடு. நின்றால் எடை அத்தனையும் தண்டுகள் வழியாகத் தரைக்குப் போய்விடும். அணிந்தவருக்குச் சுமையே தெரியாது. ஒரு அடி எடுத்து வைத்தவுடன் தொல்லை தொடங்குகிறது. நம் முழங்கால் கதவுக் கீல் போல ஒரே அச்சில் மடங்குவதில்லை. மடங்கும்போது அச்சு நகர்கிறது, கொஞ்சம் திரும்புகிறது. இயந்திர மூட்டு அப்படித் திரும்பாது. ஒவ்வொரு அடிக்கும் இரண்டுக்கும் இடையே சில மில்லிமீட்டர் இழுபறி. அந்த இழுபறி தொடைப் பட்டையில் உரசலாகி, சில மணி நேரத்தில் கொப்புளமாகிறது. மேலும், தூக்கி வைக்கிற காலோடு அந்தத் தண்டும் தகடும் ஒவ்வொரு முறையும் எழுந்தாக வேண்டும். பாதத்தில் கட்டிய ஒரு கிலோ, முதுகில் ஏற்றிய நான்கிலிருந்து ஆறு கிலோவுக்குச் சமமாக ஆற்றலைத் தின்னும் என்று 1969-லேயே அளந்து சொல்லிவிட்டார்கள். முதுகுச் சுமையைக் குறைக்கப் போய்க் காலில் எடையைக் கட்டுவது எவ்வளவு பெரிய விலை என்று இதிலிருந்து தெரியும்.

எடையை எங்கே ஏற்றினால் செலவு குறையும் என்கிற சூத்திரம் சும்மாடு வைத்துச் சுமக்கிறவர்களுக்கு உடம்பிலேயே இருக்கிறது. கிழக்கு ஆப்பிரிக்கப் பெண்கள் தங்கள் எடையில் ஐந்தில் ஒரு பங்கு வரை தலையில் ஏற்றிக்கொண்டு, வெறுங்கையோடு நடப்பதைவிட ஒரு துளியும் கூடுதல் ஆற்றல் செலவழிக்காமல் நடந்ததை 1986-இல் ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். நேபாளத்து ஆண் சுமை கூலிகள் நெற்றிப் பட்டையில் தாங்கி, சராசரியாகத் தங்கள் எடையில் 93 சதவீதத்தை நாம்சே சந்தைக்கு மலையேற்றினார்கள் என்பது 2005-இல் வந்த அளவீடு. எந்த ஆய்வகத்தின் இயந்திரமும் இவர்களை இன்றுவரை எட்டவில்லை. ஆனால் அவர்களின் கழுத்தெலும்பும் முழங்காலும் 50 வயதில் எப்படி இருக்கும் என்பதையும் சேர்த்துத்தான் இந்தத் திறமையைப் போற்ற வேண்டும்.

இயந்திரத்தின் வரலாறு ரஷ்யாவில் தொடங்குகிறது. 1890-இல் நிக்கலஸ் யாக்ன் என்பவர் நடக்கவும் ஓடவும் குதிக்கவும் உதவும் வில் விசைக் கருவிக்குக் காப்புரிமை பெற்றார். அடுத்த பெரிய முயற்சிக்கு நீண்ட காலம் காத்திருக்க வேண்டியிருந்தது. 1965-இல் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனம் அமெரிக்க ராணுவப் பணத்தில் 'ஹார்டிமேன்' என்ற இயந்திர உடையைக் கட்டத் தொடங்கியது. 680 கிலோ எடை. அணிந்தவரின் பலத்தை 25 மடங்காக்கி, 680 கிலோவைத் தூக்க வைப்பது நோக்கம். ஒரு கை மட்டும் வேலை செய்தது. அந்தக் கை 340 கிலோவைத் தூக்கவும் செய்தது. எல்லா உறுப்புகளையும் சேர்த்து இயக்கியபோது இயந்திரம் கட்டுக்கடங்காமல் வலிப்பு வந்ததைப் போல் உதறியது. உள்ளே மனிதன் இருக்கும் நிலையில் அதை முழுமையாக இயக்க யாரும் துணியவில்லை. 1971-இல் கதை முடிந்தது. மனிதன் அசைவதற்கும் இயந்திரம் அதைப் புரிந்துகொள்வதற்கும் இடையில் உள்ள கணநேரத் தாமதமே அதைக் கவிழ்த்தது. அந்தத் தாமதத்தைக் கணினிகள் பிற்பாடு சுருக்கின, முற்றிலும் ஒழிக்கவில்லை.

அதே ஆண்டுகளில் பெல்கிரேடில் மியோமிர் வுகோப்ரடோவிச் என்ற விஞ்ஞானி வேறு திசையில் போனார். போர்வீரனுக்குப் பலம் கூட்டுவதை விட்டுவிட்டு, இடுப்புக்குக் கீழே செயலிழந்தவர்களை எழுந்து நடக்கவைக்கிற சட்டகத்தை மிஹாய்லோ புபின் நிறுவனத்தில் உருவாக்கினார். இயந்திரம் நடக்கும்போது சாயாமல் இருக்க அவர் வகுத்த கணிதம்தான் இன்று இரண்டு காலில் நடக்கும் ரோபோக்களுக்கெல்லாம் அடிப்படை. ராணுவப் பணம் கொட்டிய இடத்தில் உதறல் மிஞ்சியது. ஒரு நோயாளியை நிறுத்தப் போராடிய இடத்தில் துறையின் இலக்கணம் பிறந்தது. இந்த வரலாற்றில் இன்னும் ஒரு முறை இப்படி நடக்கப் போகிறது என்பதால் இதை அடிக்கோடிட்டுச் சொல்கிறேன்.

2001-இல் அமெரிக்காவின் ராணுவ ஆராய்ச்சி அமைப்பான தர்பா மீண்டும் பணத்தை எடுத்தது. பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஹோமயூன் கசரூனியின் குழு 2004-இல் காட்டிய கால் சட்டகத்திலிருந்து 'ஹல்க்' பிறந்தது. 90 கிலோவைத் தாங்கும் டைட்டானியம் கால்கள். 2009-இல் லாக்ஹீட் மார்ட்டின் உரிமம் வாங்கியது. விளம்பரப் படங்கள் உலகம் முழுக்கப் போயின. நேட்டிக்கில் உள்ள அமெரிக்க ராணுவ ஆய்வகம் இந்த வகைச் சட்டகத்தின் ஒரு முன்மாதிரியை வீரர்களுக்கு அணிவித்து, மூச்சுக்காற்றை அளந்து, 2010-இல் முடிவை வெளியிட்டது. அதே சுமையைச் சட்டகம் இல்லாமல் சுமந்தபோது செலவான ஆக்சிஜனைவிட, சட்டகத்தோடு சுமந்தபோது அதிகம் செலவானது. சுமையைத் தாங்கியது, சுமப்பவனைக் களைப்பாக்கியது.

இவ்வளவுக்கும் பிறகு 2013-இல் அமெரிக்கச் சிறப்புப் படையின் 'டாலோஸ்' திட்டம் வந்தது. அதற்குப் பின்னால் ஒரு துயரம் இருந்தது. 2012 டிசம்பரில் ஆப்கானிஸ்தானில் பணயக்கைதி ஒருவரை மீட்கப் போனபோது, கதவைத் தள்ளி முதலில் நுழைந்த வீரர் தலையில் குண்டு பட்டு இறந்தார். முதலில் நுழைகிறவன் உயிரோடு திரும்ப வேண்டும் என்பதே சிறப்புப் படைத் தளபதி வில்லியம் மெக்ரேவன் முன்வைத்த கோரிக்கை. தலை முதல் கால் வரை கவசம், அதைச் சுமக்க மோட்டார், உடலைக் குளிர்விக்கும் குழாய், கண்முன் தகவல் திரை. 2019 தொடக்கத்தில் முன்மாதிரி நெருக்கச் சண்டைக்குப் பொருந்தாது என்று ஒப்புக்கொண்டு நிறுத்தினார்கள். அந்தக் கோரிக்கையில் எனக்குக் குறை காணத் தோன்றவில்லை. எந்த நாட்டுத் தாயும் அதைத்தான் கேட்பாள். கவசம் கூடினால் மோட்டார் பெரிதாக வேண்டும், மோட்டார் பெரிதானால் பேட்டரி, பேட்டரி கூடினால் அதைச் சுமக்க இன்னும் பெரிய மோட்டார் என்று அது சுற்றிக்கொண்டே போனது.

பேட்டரிக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்த்துவிடலாம். இன்றைய நல்ல லித்தியம் பேட்டரி ஒரு கிலோவுக்குச் சுமார் 250 வாட்-மணி தரும். 500 வாட் இழுக்கும் ஒரு சட்டகம் எட்டு மணி நேரம் ஓட வேண்டுமானால் 4,000 வாட்-மணி வேண்டும். அதாவது 16 கிலோ பேட்டரி. இரண்டு 'அபேத்' சட்டைகளின் எடை.

உண்மையில் பலன் தந்தவை சிறிய கருவிகள். 2014-இல் எம்.ஐ.டி.யின் ஹியூ ஹெர் குழு, கணுக்காலில் மட்டும் விசை தரும் கருவியால் 23 கிலோ சுமையோடு நடப்பதற்கான ஆற்றலில் 8 சதவீதத்தை மிச்சப்படுத்திக் காட்டியது. ஹெர், மலையேற்ற விபத்தில் இரு கால்களையும் முழங்காலுக்குக் கீழே இழந்தவர் என்பதைச் சொல்லியாக வேண்டும். அடுத்த ஆண்டு ஸ்டீவ் காலின்ஸும் உடன் பணியாற்றியவர்களும் பேட்டரியே இல்லாமல், ஒரு சுருள்வில்லும் ஒரு கிளட்சும் கொண்ட, ஒரு காலுக்கு அரைக் கிலோ அளவிலான கணுக்கால் சட்டத்தால் சாதாரண நடையின் ஆற்றலை 7.2 சதவீதம் குறைத்தார்கள். லட்சக்கணக்கான ஆண்டுகள் பரிணாமம் செதுக்கிய நடையையே ஒரு சுருள்வில் மேம்படுத்திவிட்டது என்பது எனக்கு இரும்பு மனிதனைவிட வியப்பைத் தருகிறது.

நமக்கு இந்தக் கேள்வி பனிமலையில் நிற்கிறது. 2020 டிசம்பரில் சீன அரசு ஊடகம், திபெத்தின் ஙாரி பகுதியில் எல்லைப்படையினர் புறச்சட்டகம் அணிந்து உணவும் தண்ணீரும் சுமந்து போவதைப் படத்தோடு வெளியிட்டது. அதற்கு ஆறு மாதம் முன்புதான், ஜூன் 15 இரவு, கல்வான் பள்ளத்தாக்கில் துப்பாக்கிச் சூடு இல்லாமல் கல்லும் தடியுமாக நடந்த மோதலில் நம் வீரர்கள் 20 பேர் இறந்திருந்தார்கள். அவர்களில் ஒருவர் ராமநாதபுரம் மாவட்டம் கடுக்கலூரைச் சேர்ந்த ஹவில்தார் பழனி. வீர் சக்ரா அவர் மறைவுக்குப் பின் வழங்கப்பட்டது. 21-ஆம் நூற்றாண்டில் இரண்டு அணு ஆயுத நாடுகளின் எல்லையில், நடுகல் காலத்துச் சண்டை.

சியாச்சினில் 1984 முதல் நாம் நிற்கிறோம். 5,500 மீட்டர் உயரத்தில் மூச்சுக்குக் கிடைக்கும் ஆக்சிஜன் கடல்மட்டத்தில் கிடைப்பதில் பாதி. ஹெலிகாப்டர் இறக்கிய மண்ணெண்ணெயையும் அரிசியையும் கடைசி நிலைகளுக்குத் தோளில் கொண்டுபோவது வீரர்களும் லடாக்கின் நூப்ராப் பக்கத்துச் சுமை கூலிகளும். 8 சதவீத ஆற்றல் மிச்சம் என்பது புதுக்கோட்டை மைதானத்தில் அற்ப விஷயம். அங்கே அது, இருட்டுவதற்குள் கூடாரம் போய்ச் சேர்வதா இல்லையா என்பது. ஆனால் அந்தக் குளிரில் லித்தியம் பேட்டரி தன் ஆற்றலில் பெரும்பகுதியை வெளிவிடாமல் முடங்கும். இயந்திர மூட்டில் பனி இறுகும். கையுறையோடு பட்டையை அவிழ்க்க முடியாது. பனிப்பிளவில் விழுந்தவனின் மேல் அந்தச் சட்டகம் இருந்தால், அவனை மேலே இழுப்பவர்களுக்கு அது கூடுதல் எடை. ஆகவே அங்கே முதலில் வேலைக்கு ஆகக்கூடியது பேட்டரி இல்லாத, சுருள்வில் வகை, ஒரே இழுப்பில் கழன்று விழுகிற இடுப்பு-கணுக்கால் சட்டம் என்பது என் கணிப்பு.

நம் ராணுவம் வேறு வழிகளையும் பார்க்கிறது. 2023 ஜனவரியில் 100 ரோபோ கோவேறு கழுதைகளுக்கும் 48 ஜெட் உடைகளுக்கும் டெண்டர் கேட்டது. நாலுகால் ரோபோக்கள் 2025 ஜனவரி 15 அன்று புனேயில் நடந்த ராணுவ தின அணிவகுப்பில் நடந்து வந்தன. சுமையைத் தனி இயந்திரத்தின் மேல் ஏற்றிவிட்டால் மனித முழங்காலோடு இழுபறியே இல்லை. அது கவிழ்ந்தால் யாருக்கும் எலும்பு முறியாது. புறச்சட்டகத்துக்கு உண்மையான போட்டி இந்தக் கழுதைதான். பெங்களூரில் உள்ள டி.ஆர்.டி.ஓ.வின் உயிரிப் பொறியியல் ஆய்வகமும் மற்ற நிறுவனங்களும் புறச்சட்டகத்தில் உழைத்துவருகின்றன. அடுத்த பத்திருபது ஆண்டுகளில் அது நம் படையில் நுழைவதானால், முதல் இடம் போர்முனையாக இருக்காது என்று நினைக்கிறேன். 40 கிலோவுக்கு மேல் எடையுள்ள 155 மில்லிமீட்டர் குண்டுகளை மணிக்கணக்காகத் தூக்கி வைக்கும் பீரங்கிப் படையினரின் இடுப்புக்கும், கிடங்கில் பெட்டி தூக்குவோரின் முதுகுக்கும் அது போகும். அங்கே பக்கத்திலேயே வண்டி நிற்கிறது, மின்சாரம் இருக்கிறது, யாரும் ஓட வேண்டியதில்லை. துளைக்க முடியாத, ஓடக்கூடிய, மோட்டார் வைத்த முழுக்கவசத்தை என் காலத்தில் பார்ப்பேன் என்று தோன்றவில்லை. மலிவான டிரோன் வானிலிருந்து ஆளைத் தேடும் காலத்தில், சூடாகி, சத்தமிட்டு, கனத்து நிற்கும் ஒரு உடை அணிந்தவனைக் காட்டிக்கொடுக்கவும் செய்யும்.

பெல்கிரேடில் நடந்தது மறுமுறையும் நடக்கும் என்றேன். நம் நாட்டில் அது ஹைதராபாத்தில் நடந்தது. திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் படித்த அப்துல் கலாம், அக்னி ஏவுகணைக்காக எடை குறைந்த கலப்புப் பொருள்களை உருவாக்கிய ஆய்வகத்துக்குத் தலைவராக இருந்தார். அந்த ஆய்வகத்துக்கு வந்த நிஜாம் மருத்துவ நிறுவனத்தின் எலும்பு மருத்துவர் ஒருவர் அந்தப் பொருளைக் கையில் எடுத்துப் பார்த்து, அதன் இலேசில் வியந்து, கலாமைத் தம் மருத்துவமனைக்கு அழைத்துப் போனார். போலியோவால் கால் சூம்பிய பிள்ளைகள், மூன்று கிலோவுக்கு மேல் எடையுள்ள இரும்புக் காலிப்பரை இழுத்துக்கொண்டு நடந்துகொண்டிருந்தார்கள். சில வாரங்களில் 300 கிராமில் காலிப்பர் தயாரானது. பாதத்தில் கட்டிய ஒரு கிலோவுக்கு என்ன விலை என்று மேலே பார்த்தோம். அந்தப் பிள்ளைகளின் காலிலிருந்து இறங்கியது முதுகுச் சுமையாகக் கணக்கிட்டால் பத்துப் பதினைந்து கிலோ. ஏவுகணைகளைவிட அந்தக் காலிப்பரே தமக்கு நிறைவு தந்தது என்று கலாம் பல மேடைகளில் சொல்லியிருக்கிறார்.

அந்தச் சரடு அறுந்துவிடவில்லை. பாதுகாப்பு ஆராய்ச்சியின் பயனை மருத்துவத்துக்குக் கொண்டுவரக் கலாம் காலத்தில் தொடங்கிய உயிரி மருத்துவத் தொழில்நுட்பச் சங்கத்தோடும் பெங்களூர் மொபிலிட்டி இந்தியாவோடும் சேர்ந்து, சென்னை ஐ.ஐ.டி.யில் சுஜாதா சீனிவாசனின் குழு 2022-இல் 'கதம்' என்ற செயற்கை முழங்காலை வெளியிட்டது. இயற்கை முழங்காலின் நகரும் அச்சை ஒட்டி மடங்கும்படி அமைத்தது. பேருந்தின் நெருக்கமான இருக்கையிலும் ஆட்டோவிலும் உட்கார வசதியாக 160 பாகை வரை மடங்கும். புறச்சட்டகம் செய்கிறவர்களைத் தொல்லைப்படுத்தும் அதே முழங்கால்தான். அதை நம் ஊர்ப் பேருந்துக்கு ஏற்ப யோசித்துத் தீர்த்திருக்கிறார்கள்.

புனேயில் ராணுவத்தின் செயற்கை உறுப்பு மையம் 1944 முதல் இயங்குகிறது. பக்கத்திலேயே கட்கியில், தண்டுவடம் முறிந்து சக்கர நாற்காலியில் வாழும் முன்னாள் வீரர்களுக்கான மறுவாழ்வு மையம் 1974-இல் தொடங்கப்பட்டது. அமெரிக்கா முழுக்கவசக் கனவுக்குப் பெரும்பணம் செலவழித்துக்கொண்டிருந்த அதே 2015-இல், அந்நாட்டு முன்னாள் படைவீரர் நலத்துறை, தண்டுவடம் முறிந்த தன் வீரர்களில் தகுதியானவர்களுக்கு 'ரீவாக்' என்ற நடைச் சட்டகத்தை அரசுச் செலவில் தர முடிவெடுத்தது. சண்டைக்குப் போகிறவனுக்குச் செய்யத் தொடங்கிய இயந்திரம், சண்டையிலிருந்து திரும்பியவனுக்கு முதலில் பயன்பட்டது. மருத்துவமனைத் தளம் சமமாக இருக்கிறது, சுவரில் மின்சாரம் இருக்கிறது, ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் எழுந்து நின்றாலே எலும்பும் குடலும் இரத்த ஓட்டமும் தேறுகின்றன. இன்றைய தொழில்நுட்பத்தால் முழுதாக நிறைவேற்ற முடிந்த வேலை அது ஒன்றுதான். நம் நாட்டில் புறச்சட்டகத்துக்கு ஒதுக்கும் முதல் பணமும் உருவாகும் முதல் நூறு கருவிகளும் கட்கிக்குத்தான் போக வேண்டும். அங்கே தினமும் அணிந்து கழற்றுகிறவர்கள் பட்டை எங்கே உரசுகிறது, மூட்டு எங்கே இடறுகிறது என்று சொல்வதைக் கேட்டுத் திருத்தியபின், அடுத்த நூறு சியாச்சின் சுமை கூலிகளுக்கும் பீரங்கிப் படையினருக்கும் போகட்டும்.